கொங்கு வெயிலுக்கும் போர்வெல் தண்ணிக்கும் எந்தப் பெட்ஷீட்?

கடையில் மடித்து வைத்திருக்கும் பெட்ஷீட்டை விரலால் தடவிப் பார்த்து, "நல்லா மெத்துனு இருக்குது" என்று எடுத்து வந்துவிடுகிறோம். அந்த நேரத்தில் விரலுக்குத் தட்டுப்படுவது பெரும்பாலும் கஞ்சியும் ஃபினிஷிங் மருந்தும்தான். துணியின் சுபாவம் நாலைந்து துவையலுக்கு அப்புறம்தான் வெளியே வரும். சிலது இளகி மிருதுவாகும். சிலது முரடாகும். சிலதில் பொடிப்பொடியாக உருண்டை எழும்பி முதுகை உறுத்தும். ஆகவே எதை வாங்கலாம் என்று ஒப்பிட்டுப் பார்க்க என்னிடம் இருக்கும் அளவுகோல் இரண்டே இரண்டு. சித்திரை வெயிலில், மின்விசிறி மட்டும் ஓடும் அறையில் அதன்மேல் படுத்துத் தூங்க முடியுமா? நம் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரில் பத்துத் தடவை துவைத்த பிறகும் அது உடம்புக்கு ஒத்துப்போகுமா? மற்ற எல்லாம், டிசைன் உட்பட, அதற்குப் பிறகுதான்.

ஒரு விதத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். நூல் கோவைப் பக்கத்து மில்களில் ஓடுகிறது. துணி சோமனூர், பல்லடம், ஈரோடு, குமாரபாளையம் தறிகளில் ஓடுகிறது. கரூரில் நெய்து தைத்த விரிப்புகள் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பல் ஏறுகின்றன. சென்னிமலைப் பெட்ஷீட்டுக்கு ஊர்ப்பெயரே விலாசம். இத்தனையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, படத்தைப் பார்த்து ஆன்லைனில் பாலியஸ்டர் விரிப்பு வரவழைக்கும் ஈரோட்டு வீடுகளும் நிறைய இருக்கின்றன. சரி, அவரவர் விருப்பம். ஆனால் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் நல்லது.

முதலில் விரிக்கவா, போர்த்தவா என்பதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் இரண்டுக்கும் பெட்ஷீட் என்றே கேட்கிறோம், கடைக்காரரும் இரண்டையும் ஒரே அடுக்கிலிருந்து எடுத்துப் போடுவார். விரிப்பதற்கு நெருக்கமாக நெய்த, மெல்லிய, தட்டையான துணி வேண்டும். மெத்தையின் மேல் இழுத்துச் செருகினால் சுருக்கம் விழாமல் நிற்க வேண்டும். போர்த்துவதற்கு அந்த நெருக்கம் தேவையில்லை. கொஞ்சம் கனமும், இழைகளுக்கு இடையே காற்று நிற்க இடமும் இருந்தால்தான் விடிகாலைக் குளிருக்கு இதமாக இருக்கும். ஒரே துணியை இரண்டுக்கும் வாங்கினால் இரண்டில் ஒன்று சரிப்படாது. தாத்தா காலத்துத் துப்பட்டி போர்த்திக்கொள்ள அருமையாக இருந்ததென்று அதேபோல் தடிமனில் ஒன்றை வாங்கி ஃபோம் மெத்தைமேல் விரித்தால், மே மாத இரவில் தெரிந்துவிடும்.

இனி கடைக்குள் போகலாம். இன்று எந்தக் கடையிலும் அதிகம் அடுக்கி வைத்திருப்பது எதுவென்று கேட்டால், பேச்சு இப்படித்தான் நடக்கும்.

"ஏனுங்க, இது காட்டனுங்களா?"

"காட்டனேதானுங்க. கிளேஸ் காட்டன்."

பெயரில் காட்டன் இருக்கிறது. ஆனால் கிளேஸ் காட்டன் என்று விற்பதில் பெரும்பகுதி பாலியஸ்டர் மைக்ரோஃபைபர். 9,000 மீட்டர் நீளத்துக்கு ஒரு கிராம்கூட எடை வராத அளவுக்கு மெல்லிய பாலியஸ்டர் இழைகளைச் சேர்த்து நெய்து, மேற்பரப்பைத் தேய்த்துப் பஞ்சுபோல் ஆக்கிவிடுகிறார்கள். கைக்கு வழவழவென்று இருக்கும். பூ டிசைன் பளிச்சென்று விழும், சாயம் போகாது, சுருங்காது, துவைத்த அரை மணியில் காயும். அதெல்லாம் உண்மையான நன்மைகள்தான். சிக்கல் வியர்வையில் இருக்கிறது. சாதாரணக் காற்றிலிருக்கும் ஈரத்திலேயே பருத்தி தன் எடையில் 8 சதவீதம் வரை வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. வியர்வை போக இடமில்லாமல் முதுகுக்கும் விரிப்புக்கும் நடுவே நிற்கும். கரண்ட் போன இரவில் இதன்மேல் படுத்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சுத்தக் காட்டனா என்று கண்டுபிடிக்கக் கடைக்காரரைச் சந்தேகப்பட வேண்டாம், விலையை வைத்தே ஒரு கணக்குப் போடலாம். 90-க்கு 108 அங்குல விரிப்பு ஏறக்குறைய 6.3 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 120 கிராம் எடையுள்ள நல்ல காட்டன் துணி என்றால், விரிப்பு மட்டும் முக்கால் கிலோ. இரண்டு தலையணை உறையும் சேர்த்தால் 900 கிராம் வந்துவிடும். விரிப்புக்கு வழக்கமான 40-ஆம் நம்பர் பருத்தி நூல் (இந்த நம்பர் நூலின் மெல்லிமையைக் குறிப்பது, பின்னால் சொல்கிறேன்) கிலோ 200 ரூபாய்க்கு மேல் விற்கிறது. அதன்மேல் நெய்யக் கூலி, வெளுக்க, அச்சடிக்க, தைக்க, பையில் போட, கடைக்காரர் லாபம். இப்படியிருக்க, டபுள் செட் 250 ரூபாய், சுத்தக் காட்டன் என்று ஒருவர் சொன்னால் கணக்கு உதைக்கிறது. ஒன்று அது காட்டனாக இருக்காது, அல்லது துணி வலைபோல் இருக்கும். கஞ்சியை ஏற்றி அதைக் கனமாகக் காட்டியிருப்பார்கள்.

கஞ்சியைக் கண்டுபிடிப்பது எளிது. துணியின் ஒரு மூலையை இரண்டு கையாலும் பிடித்து, ஈரத்துணியைக் கசக்குவதுபோல் நன்றாகக் கசக்கிவிட்டு வெளிச்சத்தில் உதறுங்கள். பொடி பறந்தாலோ, கசக்கிய இடம் மட்டும் சட்டென்று தளர்ந்து கண்ணறை தெரிந்தாலோ அது ஃபினிஷிங்கின் பலத்தில் நிற்கும் துணி. பாலியஸ்டர் கலப்பைப் பார்க்க வீட்டில் நெருப்பு வைத்துப் பார்ப்பதுதான் பழைய வழி, இன்றும் சரியான வழி. ஓரத்திலிருந்து நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒன்றும் குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒன்றும் தனித்தனியாக உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசத்தோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கடினமான மணியாக நிற்கும். இரண்டு நூலையும் பார்க்கச் சொல்வதற்குக் காரணம், ஒரு பக்கம் பருத்தியும் மறுபக்கம் பாலியஸ்டருமாக நெய்த துணியும் சந்தையில் உண்டு. ஒரு நூலை மட்டும் கொளுத்திவிட்டு நிம்மதியாகிவிட வேண்டாம்.

பாலிகாட்டன் என்று நேர்மையாகச் சொல்லியே விற்பதும் இருக்கிறது. இரண்டு இழையையும் கலந்து நூற்ற நூல். லாட்ஜ், ஆஸ்பத்திரி, ஹாஸ்டல்களில் பெரும்பாலும் இதுதான். இஸ்திரி அதிகம் கேட்காது, தினமும் துவைத்தாலும் தாங்கும். நாளாக ஆகத்தான் உருண்டை எழும்பும். பருத்தியிலும் உருண்டை எழும்பும், ஆனால் பருத்தி இழை பலம் குறைந்தது என்பதால் அது உதிர்ந்து போய்விடும். கலப்புத் துணியில் பாலியஸ்டர் இழை அதை விடாமல் பிடித்துக்கொள்ளும்.

சரி, சுத்தக் காட்டன் என்று முடிவாகிவிட்டது. அடுத்த குழப்பம் த்ரெட் கவுண்ட். உறையில் 300, 500, 1000 என்று எண்கள். ஒரு சதுர அங்குலத்தில் ஓடும் பாவு நூலையும் ஊடை நூலையும் எண்ணிக் கூட்டினால் கிடைப்பதுதான் இந்த எண். இதைத் தனியாகப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. நூலின் நம்பரோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 840 கஜ நூல் கொண்ட சிட்டம் (நூல் கட்டு) 40 சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு எடை வரும் என்றால் அது 40-ஆம் நம்பர் நூல். 20-ஆம் நம்பரில் 20 சிட்டமே ஒரு பவுண்டு. அதாவது நம்பர் ஏற ஏற நூல் மெலியும். 40-ஆம் நம்பரில் நன்றாக நெய்த விரிப்பு 180, 200 என்ற அளவில் நிற்கும். 60-ஆம் நம்பரில் 200-லிருந்து 300 வரை போகும். அதற்கு மேலே எண் வேகமாக ஏறுகிறது என்றால், பெரும்பாலும் இரண்டு, மூன்று மெல்லிய நூல்களைச் சேர்த்து ஒரே ஓட்டத்தில் ஊடையாகப் போட்டுவிட்டு ஒவ்வொன்றையும் தனியாக எண்ணியிருப்பார்கள். இரண்டு புரி முறுக்கிய நூலை இரண்டாக எண்ணுவதும் உண்டு. ஒரு அங்குலத்துக்குள் நுழையக்கூடிய நூலுக்கு ஓர் எல்லை இருக்கிறது. 1000 என்று அச்சடித்த விரிப்பை நான் வாங்குவதில்லை. அப்படியே அந்த எண் உண்மையாக இருந்தாலும், அவ்வளவு அடைத்து நெய்த துணி நம் வெயிலுக்குக் கம்பளிக்குச் சமம்.

எண்ணைவிட நான் விசாரிப்பது நூல் கோம்பிங் செய்ததா என்பதை. நூற்பதற்கு முன் பஞ்சிலிருக்கும் குட்டை இழைகளைச் சீவி எடுத்துவிட்டால் அது கோம்டு நூல். எடுக்காமல் நூற்றால் கார்டட் நூல். குட்டை இழைகள்தான் பின்னால் மேலே நீட்டிக்கொண்டு உருண்டை எழுப்புகிறவை. ஆகவே 200 கவுண்ட் கோம்டு விரிப்பு, 400 கவுண்ட் கார்டட் விரிப்பைவிட நெடுநாள் மிருதுவாக இருக்கும். மில் ஊர்க்காரர்களிடம் இதைக் கேட்டால் சட்டென்று பதில் வரும். ஷோரூமில் கேட்டால் சிலசமயம் முழிப்பார்கள், பரவாயில்லை, கேளுங்கள். பஞ்சைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. சுஜாதா என்ற ரகத்தையும் செயின்ட் வின்சென்ட் என்ற ரகத்தையும் ஒட்டுச்சேர்த்து 1970-களில் கோவையில் உருவாக்கியது சுவின் பருத்தி. இரண்டு பெயரின் தலையையும் சேர்த்து வைத்த பெயர். உலகத்தின் மிக நீள இழைப் பருத்திகளில் அதுவும் ஒன்று. நாம் என்னவோ "எகிப்தியன் காட்டன்" என்று அச்சடித்த பெட்டியைத்தான் பயபக்தியோடு எடுக்கிறோம்.

நெசவிலும் இரண்டு வழி. ஒரு நூல் மேலே, ஒரு நூல் கீழே என்று மாறி மாறிப் போவது சாதா நெசவு; கடைகளில் பெர்கேல் என்று எழுதியிருப்பது இதன் நெருக்கமான வடிவம். தொட்டால் சில்லென்று, மொடமொடவென்று இருக்கும். காற்று உள்ளே போய் வரும். சுருக்கம் விழும், மறுப்பதற்கில்லை. இன்னொன்று சாட்டின். நாலு நூலுக்கு மேலே தாண்டிப்போய் ஒரு நூலுக்குக் கீழே புகும். அந்த நீளத் தாண்டலால்தான் பளபளப்பும் வழுக்கலும் வருகின்றன. படுத்தால் உடம்போடு படிந்து கொஞ்சம் கதகதப்பாக இருக்கும், ஏசி அறைக்குப் பொருத்தம்தான். ஆனால் அந்தத் தாண்டிய நூலில் எது வேண்டுமானாலும் மாட்டும். மெட்டி மாட்டும், கொலுசுக் கொக்கி மாட்டும், வெடித்த பாதம் உரசினாலே நூல் இழுக்கும். ஒரு வருடத்தில் கால்மாட்டில் மட்டும் கோடு கோடாக நூல் எழும்பி நிற்கும் சாட்டின் விரிப்புகளை எத்தனையோ வீட்டில் பார்க்கலாம். மெட்டி போடுகிறவர்கள் இருக்கும் வீட்டுக்கு, தினசரிப் படுக்கைக்கு, சாதா நெசவு. சாட்டின் வேண்டுமென்றால் விருந்தாளி அறைக்கு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

கைத்தறி எங்கே வருகிறது? சென்னிமலைக்கு முருகனைக் கும்பிடப் போகிறவர்கள் திரும்பும்போது கூட்டுறவுச் சங்கக் கடையில் இரண்டு பெட்ஷீட் எடுத்து வருவது இந்தப் பக்கத்தில் பலருக்கு வழக்கம். கட்டம், கோடு, மங்கலான சிவப்பும் நீலமும் பச்சையும். நூல் தடிமன், துணி கனம். புதிதில் தொட்டால் முரடாகத்தான் தெரியும், பக்கத்தில் கிடக்கும் கிளேஸ் காட்டனோடு தடவிப் பார்த்தால் யாரும் இதை எடுக்க மாட்டார்கள். ஆனால் கைத்தறியில் பாவு நூலை விசைத்தறி அளவுக்கு இறுக்கிப் பிடித்து ஓங்கி அடிப்பதில்லை. துணி கொஞ்சம் மூச்சு விடும்படி அமைகிறது. துவைக்கத் துவைக்க நூல் பூத்து இளகும். போர்த்துவதற்கு இதற்கு மேல் ஒன்று நான் பார்த்ததில்லை. மார்கழியில் போதும், மற்ற மாதங்களில் விசிறிக் காற்றுக்கும் போதும்.

விரிப்பதற்கு? கயிற்றுக் கட்டிலுக்கும், இலவம்பஞ்சு மெத்தைக்கும், தரையில் பாய்மேல் போடவும் சென்னிமலை விரிப்பு நல்லது. கனம் இருப்பதால் நகராது. ஃபோம் மெத்தைக்கு நான் சொல்ல மாட்டேன். ஃபோமே உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்கும், அதன்மேல் தடித்துணி தேவையில்லை. இன்னொரு குறை, ஐப்பசி அடைமழையில் இது காய்வதற்குள் பொறுமை போய்விடும். ஆடிக் காற்றில் கொடியில் போட்டால் அந்தக் கவலை இல்லை.

பவானி ஜமக்காளத்தையும் சிலர் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். புவிசார் குறியீடு பெற்ற பொருள், கலியாண வீட்டில் பந்திக்கும் பேச்சுக்கும் விரிப்பது. வெறும் உடம்போடு படுக்க அது முரடு. கயிற்றுக் கட்டிலில் அடியில் ஜமக்காளம், மேலே மெல்லிய காட்டன் விரிப்பு என்று போட்டால் கயிறு முதுகில் பதியாது. அந்த வேலைக்கு அதைப்போல வேறில்லை.

கைத்தறி என்று சொல்லி விசைத்தறித் துணியை விற்பது புதிதில்லை. 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம், சேலை வேட்டியோடு பெட்ஷீட், ஜமக்காளம் உட்பட 11 வகைத் துணிகளைக் குறிப்பிட்ட தன்மைகளோடு கைத்தறிக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறது. அப்படியும் நகல்கள் வருகின்றன. 2006-இல் வந்த ஹேண்ட்லூம் மார்க் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், அல்லது நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கடையிலோ கோ-ஆப்டெக்ஸிலோ வாங்குங்கள். 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸில் தீபாவளிச் சமயத்தில் வழக்கமாக 30 சதவீதம் தள்ளுபடி கிடைக்கும். அப்போது விலை விசைத்தறி விரிப்போடு ஒட்டி வந்துவிடும். வீட்டுக்கு வேண்டிய போர்வைகளை வருடத்துக்கு ஒருமுறை அந்த நேரத்தில் எடுத்துவிடுவது புத்திசாலித்தனம்.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். விரிப்பு வாங்கும்போது யாரும் யோசிக்காத விஷயம் இது. சிறுவாணித் தண்ணீர் வரும் கோவை வீட்டில் மூன்று வருடம் மிருதுவாக இருக்கும் காட்டன் விரிப்பு, பல்லடம், காங்கயம் பக்கத்தில் போர்வெல் தண்ணீரில் ஆறே மாதத்தில் அட்டை மாதிரி ஆகிவிடும். உப்புத் தண்ணீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து ஒரு பிசுக்காகி இழைகளுக்குள் உட்கார்ந்துகொள்கின்றன. வெள்ளை பழுப்பாவதும் துணி விறைப்பாவதும் இதனால்தான். கட்டிச் சோப்பில்தான் இது அதிகம். டிடர்ஜென்ட் பவுடரில் குறைவு. அப்படிப்பட்ட வீட்டில் தடித்த நூல் விரிப்பு வாங்கினால் அவதி கூடும். அது உறிஞ்சும் தண்ணீரும் அதிகம், தங்கும் உப்பும் அதிகம். மெல்லிய 60-ஆம் நம்பர் சாதா நெசவு விரிப்பு வாங்கி, கடைசி அலசலுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் பயன்படுத்தினால் வித்தியாசம் தெரியும். மழைக்காலத்தில் தொட்டித் தண்ணீர் இருந்தால் இன்னும் உசிதம். விறைப்புக்கு ஃபேப்ரிக் சாஃப்ட்னர் ஊற்றுகிறவர்கள் கொஞ்சமாக ஊற்றுங்கள். அது இழைமேல் மெழுகுபோல் படிந்து, காட்டனின் உறிஞ்சும் குணத்தையே குறைத்துவிடும்; வியர்வையை வாங்கத்தானே காட்டன் வாங்கினோம்.

நியாயமாகச் சொன்னால், மிக உப்பான தண்ணீரைத் தவிர வேறு வழியே இல்லாத வீட்டில் பாலிகாட்டன் ஒரு மோசமான தேர்வு இல்லை. அது தண்ணீரைக் குறைவாகக் குடிக்கிறது, விறைப்பும் குறைவாகவே ஏறும். அதில் காட்டன் பங்கு பாதிக்கு மேல் இருக்கட்டும்.

ஊருக்கு ஊர் வெயிலும் ஒன்றில்லை. கரூர் பரமத்தி கோடையில் தமிழ்நாட்டின் மிகச் சூடான இடங்களின் பட்டியலில் அடிக்கடி முதலில் நிற்கும் ஊர். ஈரோடும் சளைத்ததில்லை. அங்கே வெளிர் நிறத்தில், சதுர மீட்டருக்கு 110, 120 கிராமுக்கு மேல் போகாத சாதா நெசவுக் காட்டனைத் தவிர வேறு எதையும் நான் யோசிக்க மாட்டேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வாங்கும் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இரவுகள் குளுமையானவை. சற்றுக் கனமான விரிப்பும் சென்னிமலைப் போர்வையும் சேர்ந்தால் சரியாக இருக்கும். வால்பாறைக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது, அங்கே கம்பளி பேசட்டும்.

மூங்கில் துணி என்று ஒன்று இப்போது விலை உயர்ந்த பெட்டியில் வருகிறது. மூங்கில் கூழைக் கரைத்து இழுத்த விஸ்கோஸ், அதாவது ஒருவகை ரேயான். ஈரோடு வீரப்பன்சத்திரம் பக்கத்து விசைத்தறிகளில் ரேயான் துணி ஓடுவது இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். குளுமையாக இருக்கும், ஆனால் நனைந்தால் பலம் குறையும் இழை. துவைக்கிற கல்லில் அடித்தால் தாங்காது. லினன் குளுமையிலும் உழைப்பிலும் நல்லது, விலையும் சுருக்கமும் தாங்குகிறவர்கள் வாங்கலாம்.

அளவில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கடையில் டபுள் என்றால் 90-க்கு 100-ம் உண்டு, 90-க்கு 108-ம் உண்டு, பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும். உங்கள் கட்டில் ஐந்தடி அகலம், மெத்தை 60-க்கு 78 அங்குலம், உயரம் 6 அங்குலம் என்று வையுங்கள். நீளவாக்கில் 78, இரண்டு பக்க உயரத்துக்கும் 12, மொத்தம் 90. விரிப்பு 108 என்றால் இரண்டு முனையிலும் ஒன்பது ஒன்பது அங்குலம் மெத்தைக்கு அடியில் செருகக் கிடைக்கும், அசையாது. 100 என்றால் ஐந்து ஐந்துதான். அதுவும் காட்டன் முதல் சில துவையலில் 5 சதவீதம் சுருங்கினால் 95 அங்குலமாகிவிடும், செருக இரண்டரை அங்குலம் மிச்சம். ராத்திரி ஒருமுறை புரண்டால் விரிப்பு கையோடு வந்துவிடும். ஆறடிக் கட்டிலுக்கு, 8 அங்குல மெத்தைக்கு, 90 அகலம் வாங்கவே கூடாது. 72-உம் 16-உம் சேர்ந்து 88, பக்கத்துக்கு ஓர் அங்குலம்தான் மிஞ்சும். 108-க்கு 108 எடுங்கள். ஒற்றைக் கட்டிலுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

நாலு மூலைக்கும் எலாஸ்டிக் வைத்த விரிப்பு நகராது, படுக்கையைச் சரிசெய்யும் வேலை மிச்சம். சின்னக் குழந்தை உள்ள வீட்டுக்கு நல்லது. ஆனால் மெத்தையின் உயரத்தைச் சரியாக அளந்து வாங்க வேண்டும், அப்புறம் நம் வெயிலில் துணிக்கு முன்னால் எலாஸ்டிக் செத்துவிடும். வெறும் விரிப்பு என்றால் பழசான பிறகும் உழைக்கும். மாடியில் வடாம் பிழிய, மிளகாய் காயப்போட, துணி மூட்டை கட்ட, கடைசியில் தரை துடைக்க. இதெல்லாம் காட்டனுக்குத்தான், மைக்ரோஃபைபர் விரிப்பில் வடாம் காயவைக்கும் துணிச்சல் எனக்கில்லை.

கரூரிலும் ஈரோட்டிலும் ஏற்றுமதி மிச்சம் என்று விற்கும் கடைகளை விட்டுவிட முடியாது. துணியின் தரத்துக்கு விலை குறைவு என்பது பெரும்பாலும் உண்மை. நல்ல கோம்டு காட்டன், நெருக்கமான தையல், ஓரத்தில் அகலமான மடிப்பு எல்லாம் இருக்கும். ஆனால் அது ஏதோ காரணத்தால் நின்றுபோன சரக்கு. ஆர்டருக்கு மேல் நெய்ததாக இருக்கலாம், நிறம் அரை நூல் மாறியதாக இருக்கலாம், நெசவில் பழுது இருக்கலாம். ஆளுக்கொரு முனையைப் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பாருங்கள். இழை விட்டுப்போன கோடு, எண்ணெய்க் கறை, சின்ன ஓட்டை எல்லாம் அப்போது தெரியும். கறையை மன்னிக்கலாம். இழை விட்ட இடம் கிழியத் தொடங்கும் இடம், அதை மன்னிக்காதீர்கள். அளவையும் அங்கேயே டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள், ஏனென்றால் அது வேறு நாட்டுக் கட்டிலுக்குத் தைத்தது. அமெரிக்க எலாஸ்டிக் விரிப்புகள் 15 அங்குல உயர மெத்தைக்கும் பொருந்துகிறமாதிரி ஆழமாக இருக்கும். நம் ஆறு அங்குல மெத்தையில் தொளதொளவென்று தொங்கும். மூன்று பக்கம் தைத்து, நாலாம் பக்கம் பட்டனோ நாடாவோ வைத்த பெரிய பை ஒன்றும் பெட்ஷீட் அடுக்கில் கிடக்கும். அது அவர்கள் ரஜாய்க்கு, அதாவது பஞ்சு திணித்த போர்வைக்கு, போடும் உறை. மலிவாக இருக்கிறதென்று பலர் எடுக்கிறார்கள். தையலைப் பிரித்தால் இரண்டு விரிப்பு ஆகும் என்று கணக்குப் போட்டுத் தெரிந்தே எடுத்தால் அதுவும் நல்ல வியாபாரம்தான்.

மொத்தமாக எடுக்கிறவர்களுக்கு ஈரோட்டு வாரச் சந்தை இருக்கிறது; திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும் ஜவுளிச் சந்தை. கலியாண மண்டபத்துக்கோ ஹாஸ்டலுக்கோ என்றால் அங்கே போகலாம். இரண்டு செட்டுக்காகப் போய்க் கூட்டத்தில் இடிபட வேண்டியதில்லை.

நிறத்தைப் பற்றி ஒன்று. ஆழ்ந்த மெரூன், கருநீலம் போன்றவை அடிமாட்டு விலைக்குக் கிடைத்தால் ஜாக்கிரதை. சாயத்தை நன்றாகப் பிடிக்கவைத்து, மிச்சச் சாயத்தை அலசி எடுத்து, அந்தக் கழிவுநீரைச் சுத்தம் செய்வதற்குச் செலவு ஆகும். சாயக் கழிவால் நொய்யல் ஆறு நாசமானதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொன்னதையும் இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. ஒழுங்காகச் சாயம் போட்ட துணி அவ்வளவு மலிவாக வராது. வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து விரிப்பின் உள்மடிப்பில் பத்துத் தடவை தேய்த்தாலே தெரிந்துவிடும். வெளிர் நிறமே எடுத்துவிட்டால் இந்தத் தலைவலியும் இல்லை, அதில் மூட்டைப்பூச்சியும் அழுக்கும் கண்ணுக்குத் தப்பாது.

வாங்கி வந்ததும் பில்லையும் உறையையும் தூக்கிப் போடாதீர்கள். பெரிய விரிப்பைப் பிரிக்காமல், கூட வந்த தலையணை உறைகளில் ஒன்றை மட்டும் எடுத்து நீளத்தை அளந்து குறித்துக்கொண்டு, உங்கள் வீட்டுத் தண்ணீரில், நீங்கள் வழக்கமாகப் போடும் சோப்பில் துவைத்துக் காயவையுங்கள். அதே துணிதான், அதே சாயம்தான். 27 அங்குல உறையில் ஒன்றரை அங்குலத்துக்குமேல் குறைந்திருந்தால் விரிப்பு ஐந்தாறு அங்குலம் சுருங்கப்போகிறது என்று அர்த்தம். கஞ்சி போன பிறகு துணி எவ்வளவு மெலிகிறது, சாயம் இறங்குகிறதா, விறைக்கிறதா எல்லாம் அந்த ஓர் உறையிலேயே தெரிந்துவிடும். பிடிக்காவிட்டால் மடிப்புக் கலையாத விரிப்பைக் கடையில் கொடுத்து வேறு கேட்கலாம். ஓர் உறையை நனைத்ததற்காக முகம் சுளிக்கும் கடைக்காரர்கள் உண்டு, அதனால் வாங்கும்போதே சொல்லி வைத்துவிடுங்கள்.